பதிலுக்குக் காத்திருந்தவர்

அவரோடு கதைக்கப் பொறுமை வேண்டும். எனக்கு அது பிறவியிலேயே இல்லை. கெல்சென்கிர்ச்சனில் ஓர் ஆரம்பப் பாடசாலையின் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை செய்கிறவளுக்குப் பொறுமை எங்கிருந்து வரும், சொல்லுங்கள். மதிய மணி அடித்ததும் பிள்ளைகள் அவிழ்த்துவிட்ட கன்றுகள் மாதிரி ஓடி வருவார்கள். ஒன்றுக்குப் பன்றி இறைச்சி ஆகாது, ஒன்றுக்குப் பால் ஆகாது, ஒன்றுக்குக் கரட்டைக் கண்ணிலும் காட்டக்கூடாது. உருளைக்கிழங்கா சோறா என்று நான் கேட்டு முடிக்கும் முன்பே அடுத்த பிள்ளை கோப்பையை நீட்டும். அந்தக் கூச்சலுக்கு நடுவே ஒரு மேசையில், ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில், அவர் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பார். என்ன செய்கிறீர்கள் என்றால், கேள்வி கேட்டிருக்கிறேன், பதில் வரட்டும் என்பார்.

சிலி நாட்டிலிருந்து வந்த ஆசிரியை. எங்கள் பாடசாலையில் இருமொழி வகுப்பு என்று ஒன்று உண்டு. பாதிப் பாடம் ஜேர்மன் மொழியில், பாதிப் பாடம் ஸ்பானிய மொழியில். வீட்டில் ஸ்பானிய மொழி பேசுகிற பிள்ளைகள் பாதி, ஜேர்மன் பிள்ளைகள் பாதி என்பது திட்டம். அதில் ஸ்பானிய மொழியில் கணக்கும் சுற்றாடலும் படிப்பித்தவர் அவர். கட்டையான உருவம், மழைக்கும் வெயிலுக்கும் ஒரே பச்சைக் கோட்டு. கேள்வி கேட்டுவிட்டால் பிள்ளையின் முகத்தைப் பார்க்கமாட்டார். சற்றுத் தள்ளி ஜன்னலைப் பார்ப்பார். முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் வந்த சொல்லும் திரும்பி ஓடிவிடுமாம். சொல் எடுத்துக் கொடுக்கமாட்டார், தலையாட்டமாட்டார், விரலால் மேசையில் தட்டமாட்டார். மற்ற ஆசிரியர்கள் மூன்று பிள்ளைகளிடம் கேட்டு முடிக்கும் நேரத்தில் இவர் ஒரு பிள்ளைக்காக இருந்துகொண்டிருப்பார்.

நாங்கள் சினேகிதமானதற்கு என் வாய்தான் காரணம். வேலை மும்முரத்தில் எனக்குத் தமிழ் தானாக வரும். மேசையிலே கால் வைக்காதே, சப்பாத்தைப் பார் சேறு என்று நான் முணுமுணுக்க, ஸ்பானியப் பிள்ளைகள் இரண்டு பேர் உடனே காலைக் கீழே இறக்கினார்கள். அவர் எழுந்து குசினிக்குள் வந்தார். மேசை அவர்களுக்கும் மேசைதானாம், சப்பாத்து கிட்டத்தட்டச் சப்பாத்துதானாம். போர்த்துக்கேயன் எங்கள் ஊருக்கு வந்து இறக்கிவிட்டுப் போன சொற்கள் அவை என்று நான் சொன்னேன். இந்தச் சமையலறையைக் குசினி என்போம் என்றதும், அதுவும் எங்கள் சொல்தான் என்று மனுஷி கைதட்டிச் சிரித்தார். அன்றிலிருந்து வேலை முடிந்ததும் என்னிடம் கோப்பி குடிக்க வருவார். இரண்டு பேரும் பேசியது இரவல் மொழியான ஜேர்மன்தான். எனக்கு அது தமிழில்தான் நினைவிருக்கிறது, அப்படியே சொல்கிறேன்.

என்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஒருநாள் எனக்குப் பல் ஈறு, நாங்கள் முரசு என்போம், வீங்கியிருந்தது. அதைச் சொல்லப் போனால் முரசுக்கு ஜேர்மன் மொழியில் என்ன சொல் என்று வரவில்லை. வாயைக் காட்டினேன், கன்னத்தைக் காட்டினேன். அவருக்கு அந்தச் சொல் தெரியும், தெரியும் என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் கோப்பியைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். எனக்கு நோவோடு கோபமும் வந்தது. பல்லு, பல்லுக்கு இறைச்சி, பல் இறைச்சி என்று எரிந்து விழுந்தேன். அதேதான் சொல் என்றார். உண்மையிலேயே ஜேர்மன்காரர் முரசைப் பல் இறைச்சி என்றுதான் சொல்கிறார்கள். வீட்டுக்கு வந்து என் மனுசனிடம், அந்த ரீச்சர் ஒரு விசரி, சரியான பைத்தியம் என்று சொன்னேன். பல் இறைச்சி என்ற அந்தச் சொல்லை மட்டும் நான் பிறகு மறந்ததில்லை.

அவருடைய கொள்கையோடு எனக்கு ஒத்துப்போகவில்லை, அதையும் சொல்லவேண்டும். ஜேர்மனிக்கு வந்தால் ஜேர்மன் மொழியைப் படிக்கவேண்டும், அவ்வளவுதானே. நாங்கள் அகதியாக வந்து அப்படித்தான் பிள்ளை வளர்த்தோம். தமிழுக்குச் சனிக்கிழமைப் பள்ளிக்கூடம் இருக்கிறது. வாடகைக்கு மண்டபம் எடுத்து, எங்கள் ஆட்களே படிப்பித்து, நாங்களே நடத்துகிறோம். இவர்களுக்கு மட்டும் ஏன் அரசாங்கப் பாடசாலையில் அரைவாசி நாள் ஸ்பானிஷ் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. சனிக்கிழமையில் உங்கள் மகள் என்ன படித்தார் என்று கேட்டார். பாட்டு, எழுத்து, கட்டுரை, பேச்சுப்போட்டி என்றேன்.

"கணக்குப் படிச்சவவோ? மழை ஏன் பெய்யுது எண்டு தமிழிலை ஆரும் அவவிட்டைக் கேட்டவையோ?"

இல்லை என்றேன்.

"அப்ப இப்ப அவவுக்கு ஒரு கவலை எண்டால், அதை எந்த மொழியிலை உங்களிட்டைச் சொல்லுவா?"

கேட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தார். என் மகள் டுசல்டோர்ஃபில் வேலை செய்கிறாள். நல்ல பிள்ளை, ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். சோறு, கறி, காய்ச்சல், கோயில் எல்லாம் தமிழில் கதைப்பாள். வேலையில் ஒரு பிரச்சினை என்று தொடங்கினால் இரண்டாவது வசனத்தில் ஜேர்மனுக்குத் தாவிவிடுவாள், மூன்றாவது வசனத்தில் எனக்கு விளங்காது, நாலாவதில் ஒண்டுமில்லை அம்மா என்று முடித்துவிடுவாள். அதை இந்தச் சிலிக்காரிக்கு நான் சொல்லவில்லை. எழுந்து கோப்பைகளைக் கழுவப் போனேன். கழுவி முடித்து வந்தபோதும் மனுஷி அதே கதிரையில் இருந்தார். அழுகைதான் வந்தது எனக்கு.

பிறகு நானே கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். இருமொழி வகுப்புப் பிள்ளைகள் முதலாம் ஆண்டில் பின்தங்கித்தான் நிற்பார்கள். சுவரில் ஒட்டிய சாப்பாட்டு அட்டவணையை மற்ற வகுப்புப் பிள்ளைகள் வாசிக்க, இவர்கள் என்னிடம் கேட்பார்கள். மூன்றாம் ஆண்டில் பார்த்தால் அவர்களே அட்டவணையில் பிழை பிடிப்பார்கள். ஒரு மொழியில் வாசிப்பென்றால் என்னவென்று விளங்கிய பிள்ளைக்கு அடுத்த மொழியில் எழுத்து மட்டும்தான் புதிது, வாசிப்புப் புதிதில்லை என்பார் அவர். தனக்குத் தெரிந்த மொழியில் ஏன் என்று கேட்டுப் பழகிய பிள்ளை எந்த மொழியிலும் ஏன் என்று கேட்குமாம். கேட்டதுகள்தான். ஏன் இன்றைக்கும் சூப் என்று என்னைக் கேட்டுக் கேட்டு உயிரை வாங்கியதுகள்.

அந்த வகுப்பு இன்றைக்கும் இருக்கிறது. வாசலில் நல்ல வண்ணத்தில் பலகைகூட மாட்டியிருக்கிறார்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் ஜேர்மன் பிள்ளைகள். டொக்டர், வழக்கறிஞர் என்று படித்த பெற்றோர், பிற்காலத்துக்கு உதவும் என்று முண்டியடித்துக்கொண்டு சேர்க்கிறார்கள். ஸ்பானிய மொழி பேசுகிற தாய்தகப்பன்மார் தங்கள் பிள்ளைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் காப்பகத்துக்காரர் சொன்னார்களாம், வைத்தியர் சொன்னாராம், வீட்டுச் சொந்தக்காரரும் சொன்னாராம்: வீட்டிலும் ஜேர்மன் கதையுங்கள், இல்லாவிட்டால் பிள்ளை கெட்டுப்போகும். ரீச்சர் வீடு வீடாகப் போய்க் கதைத்தார். எல்லாரும் கோப்பி கொடுத்து, மரியாதையாகக் கேட்டு, ஓம் ஓம் என்றார்களாம். எனக்கு அந்த ஓம் நன்றாகத் தெரியும். ஜேர்மனிக்கு வந்த புதிதில் விளங்கினாலும் ஓம், விளங்காவிட்டாலும் ஓம் என்றுதான் நாங்களும் எல்லா அலுவலகத்திலும் சொல்லிவந்தோம்.

மரிசோலின் தாயும் அப்படி ஓம் சொன்னவள்தான்.

இது நல்லபடி முடிந்த கதை இல்லை, முதலே சொல்லிவிடுகிறேன். மரிசோல் இப்போது எங்கள் பாடசாலையில் இல்லை. காலையில் ஒரு சின்ன வெள்ளை வான் வந்து அவளை நகரத்தின் மறுபக்கம் ஏற்றிப் போகிறது. படிப்பு ஏறாது என்று முடிவுகட்டிய பிள்ளைகளை அனுப்புகிற தனிப் பாடசாலை அது. ஃபோர்டர்ஷூலெ என்பார்கள். அங்கே போன பிள்ளை திரும்பி வந்ததை நான் பார்த்ததில்லை. அங்கேயும் நல்ல ஆசிரியர்கள் இருக்கக்கூடும், நான் குறை சொல்லவரவில்லை. அந்தப் பிள்ளை போகவேண்டிய இடம் அது இல்லை, அவ்வளவுதான்.

முகக்கவசமெல்லாம் கழற்றி, பாடசாலை மறுபடி முழுதாக நடக்கத் தொடங்கிய காலத்தில் வந்து சேர்ந்தவள் மரிசோல். தாய் கொலம்பியாவில் பிறந்து, ஸ்பெயினுக்குப் போய், அங்கே வேலை போய், இங்கே வந்து ஹோட்டல் அறைகளைத் துப்புரவாக்குகிறவள். மகளை இருமொழி வகுப்பில் விடாமல் வேண்டிக் கேட்டு ஜேர்மன் வகுப்பில் விட்டாள். பிள்ளை வாயே திறக்கவில்லை. என் முன்னால் கோப்பையோடு வந்து நிற்கும், விரலால் காட்டும், போகும். காது கேட்காதோ என்றுகூட வகுப்பாசிரியைக்குச் சந்தேகம். நான் ஒருநாள் என் பழக்கத்தில், சப்பாத்து அவிழ்ந்து கிடக்குது பார் என்றேன். உடனே குனிந்து சப்பாத்தைப் பார்த்தாள். காது கேட்கிறது, தலையும் வேலை செய்கிறது என்று சிலிக்கார ரீச்சரிடம் போய்ச் சொன்னது நான்தான்.

அடுத்த நாள் அவர் மரிசோலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஸ்பானிய மொழியில் ஏதோ கேட்டார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். மற்றப் பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்து விளையாடப் போய்விட்டார்கள். நான் மேசை துடைக்கவேண்டும், துணியோடு நிற்கிறேன், எழும்புகிற பாடில்லை. பயறு சூப் ஆறி ஆடை கட்டிவிட்டது. திடீரென்று அந்தப் பிள்ளை கதைக்கத் தொடங்கியது. தொடங்கியதென்றால் நிறுத்தவில்லை. கையை ஆட்டி, மேசைகளைச் சுட்டிக்காட்டி, நடுவில் என்னையும் சுட்டிக்காட்டி ஒரு பொழிவு.

என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார், உங்களைப் பற்றித்தான் முறைப்பாடு. சூப்பை மட்டும் பாத்திரத்தோடு மேசையில் வைக்கிறீர்கள், அதுவும் எல்லா மேசைக்கும் ஒரே அளவாம். ஜன்னலோர மேசையில் நாலு பேர், கதவோர மேசையில் ஆறு பேர். ஜன்னல் மேசைப் பிள்ளைகளுக்கு இரண்டாம் முறையும் கிடைக்கிறதாம், கதவு மேசையில் கடைசிப் பிள்ளைக்கு அடியில் இருக்கிற தண்ணீர்தானாம். அந்தக் கடைசிப் பிள்ளை மரிசோல். ஒவ்வொரு நாளும் பார்த்திருக்கிறாள், கணக்குப் போட்டிருக்கிறாள், யாரிடமும் சொல்ல வழியில்லாமல் இருந்திருக்கிறாள். இதில் வேடிக்கை என்னவென்றால், கணக்கு அறவே விளங்காத பிள்ளை என்று வகுப்பாசிரியை எழுதிக் கொடுத்து, அந்தத் தனிப் பாடசாலைக்கு அனுப்புவதா என்று பார்க்கிற சோதனைக்கு நாளும் குறித்தாயிற்று.

அன்றிலிருந்து நான் தலை எண்ணிச் சூப் வைத்தேன். அவர் அந்தப் பிள்ளைக்காக நடக்கத் தொடங்கினார். அதிபரிடம் போனார், வகுப்பாசிரியையிடம் போனார், கல்வி அலுவலகத்துக்குப் போனார். சோதனை ஜேர்மன் மொழியில் வைத்தால் அது மொழிக்குத்தான் சோதனை, மூளைக்கு இல்லை என்று திருப்பித் திருப்பிச் சொன்னார். ஸ்பானிய மொழியில் கேளுங்கள், ஸ்பானிய மொழியில் பதில் சொல்லவிடுங்கள், பிறகு என் வகுப்புக்குத் தாருங்கள், மிச்சத்தை நான் பார்க்கிறேன் என்று கேட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

நான் வீட்டில் இதே கதையாகத் திரிந்தேன். என் மனுசனுக்கு அலுத்துவிட்டது.

"உமக்கேன் இந்தச் சோலி? ஸ்பானியாக்காரற்றை பிள்ளை, சிலிக்கார ரீச்சர், ஜேர்மன்காரன்ர பள்ளிக்கூடம். நீர் சூப்பை வாத்துப்போட்டு வாருமன்."

"இஞ்சேருங்கோ, அந்தப் பெட்டை என்னிலை பிழை பிடிச்சவள். பிழை பிடிக்கத் தெரிஞ்ச பிள்ளையை மொக்குப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப ஏலாது."

மனுசன் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

கடைசியில் சம்மதம் கிடைத்தது. சோதிக்க வருகிற அம்மா கேட்பதை ரீச்சர் ஸ்பானிய மொழியில் மாற்றிச் சொல்லலாம், பிள்ளை விரும்பிய மொழியில் பதில் சொல்லலாம். இவர் அன்றைக்குக் குசினிக்கு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். உடனே மரிசோலின் தாயிடம் போய் விளக்கமாகச் சொன்னார். தாய் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஓம் ரீச்சர், நல்லது ரீச்சர் என்றாளாம். எனக்கும் சந்தோசம்தான். இனி என்ன, அந்தப் பிள்ளை வாயைத் திறந்தால் போதும் என்று நினைத்தேன்.

சோதனை நடந்தது சாப்பாட்டுக் கூடத்துக்குப் பக்கத்துச் சின்ன அறையில். கதவில் கண்ணாடி உண்டு. நான் கரண்டிகளைத் துடைத்து அடுக்குகிற சாட்டில் அங்கேயே நின்றேன். வந்த அம்மா கெட்டவர் இல்லை. பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார், படங்களை மேசையில் பரப்பினார், மெதுவாகக் கேட்டார். இவர் அதை ஸ்பானிய மொழியில் சொன்னார், சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தார். மரிசோல் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு நேராக இருந்தாள். பதில் இல்லை.

அடுத்த படம். அதற்கும் இல்லை. பிள்ளையின் வாய் ஒருமுறை திறந்து மூடியதைப் பார்த்தேன். தெரியாத பிள்ளையின் முகம் இல்லை அது. பதில் வாய்க்குள் நின்றது, விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் என்று இவர் கேட்டார். பொறுத்தார்கள். கதைக்கடி பிள்ளை, என்னைப் பற்றிச் சொன்னதுபோல் ஒரு வரி கதைக்கடி என்று கண்ணாடிக்கு வெளியே நின்று தமிழில் கெஞ்சினேன். கடைசியில் மரிசோல் ஜேர்மன் மொழியில், தெரியாது என்று ஒரு சொல் சொன்னாள். இன்னொரு கேள்விக்கும் அதே சொல். அந்த அம்மா பெருமூச்சு விட்டுப் படங்களை அடுக்கினார். அவர் இன்னொரு பாடசாலைக்குப் போகவேண்டும், இவருக்குக் கை கொடுத்துவிட்டு அவசரமாகப் போய்விட்டார்.

இவர் அந்தச் சின்னக் கதிரையை விட்டு எழவில்லை. நான் உள்ளே போனேன். ஏன் இப்படிச் செய்தாள் என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். அவருடைய வாயிலிருந்து அவ்வளவு விரைவாகப் பதில் வந்து நான் கேட்டதில்லை.

அப்போதுதான் தாய் ஓடிவந்தாள். வேலைச் சீருடைக்கு மேல் கோட்டைப் போட்டிருந்தாள். மகளைக் கட்டிப்பிடித்து, காதில் ஏதோ கேட்டாள். பிள்ளை தலையாட்டியது. தாயின் முகம் மலர்ந்தது. எதிரே அதிபரின் கதவு திறந்திருந்தது. அவருக்கும் கேட்கட்டும் என்று நினைத்தாளோ, ஸ்பானிய மொழி தெரிந்த ரீச்சரிடம் தனக்குத் தெரிந்த உடைந்த ஜேர்மனில் உரத்துக் கேட்டாள்.

"ஸ்பானிஷ் இல்லை. ஒரு சொல்லும் இல்லை. நான் வீட்டிலை சொன்னனான். ஸ்பானிஷிலை கேட்டாலும் ஸ்பானிஷ் கதைக்கக்கூடாது, ஜேர்மன் வராட்டில் வாய் மூடியிருக்கவேணும். நல்லதுதானே?"

எத்தனை பேர் அவளுக்கு அதையே சொல்லியிருப்பார்கள். இந்த ரீச்சர் நல்லவர், ஆனால் தீர்மானிக்கிறவர் ஜேர்மன் அம்மா, அவர் முன்னால் மகள் ஸ்பானிய மொழி கதைத்தால் எல்லாம் போய்விடும் என்று அவளுக்குப் பயம். நாங்களும் அப்படிப் பயந்த ஆட்கள்தான். அவளில் எனக்குக் கோபமே வரவில்லை.

பின்னால் இன்னொரு சோதனை வையுங்கள் என்று இவர் அலைந்தார், அலைந்ததுதான் மிச்சம். முடிவுக் கடிதம் வந்தது, வெள்ளை வான் வந்தது, அந்த வருட முடிவில் இவரும் பாடசாலையை விட்டுப் போய்விட்டார். வேறு ஊரில் பெரிய ஆட்களுக்குப் படிப்பிக்கிறார் என்று கேள்வி. தாய்க்குக் காரணத்தை அவர் சொல்லவே இல்லை. சொல்லி என்ன, மகளைக் கெடுத்தது நீதான் என்று ஒரு தாய்க்கு எந்த மொழியில் சொல்வது என்று என்னிடம் கேட்டார்.

அன்றைக்கு அந்தக் கதவடியில் தாயும் பிள்ளையும் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் எழுந்து வந்து மரிசோலின் தலையைத் தடவினார்.

"ஓம். ஒரு சொல்லும் கதைக்கேல்லை. சொன்னதைக் கேட்ட பிள்ளை."

தாய் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்கும் நன்றி சொன்னாள், அதிபரின் கதவைப் பார்த்தும் நன்றி சொன்னாள். சொன்னபடி இருந்தால் ஐஸ்கிறீம் வாங்கித் தருவதாக மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாளாம். கையைப் பிடித்து அதற்குத்தான் கூட்டிக்கொண்டு போனாள்.